கலப்பைமேல் நான் ஏற்றிய ஆள்

முனியப்பா குடிக்கவில்லை.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தள்ளிப் போட்டால் எனக்குத் தைரியம் போய்விடும். அன்றைக்கு அவர் குடிக்கவில்லை. அதற்கு முன்பும் குடித்ததில்லை. அவருடைய வலது பாதம் போனதற்குக் காரணம் நான். குடித்துவிட்டுத்தான் விழுந்தார் என்று அவருடைய மனைவியே நம்புவதற்குக் காரணமும் நான்தான்!

என்னைத் திட்ட வேண்டுமென்று உங்களுக்குத் தோன்றினால் தாராளமாகத் திட்டுங்கள். ஆனால் பரிதாபப்பட்டு மட்டும் தொலைக்காதீர்கள். 'பாவம், சின்ன வயசு, தெரியாமல் செய்துவிட்டான்' என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தெரியாமல் செய்தது பாதிதான். மீதிப் பாதியை நன்றாகத் தெரிந்தே செய்தேன்.

எண்பதுகளின் தொடக்கம். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து டிப்ளமோவைத் தூக்கிக்கொண்டு ஓசூருக்கு வந்தவன் நான். ஏதாவது ஒரு கம்பெனிக்குள் நுழைந்துவிடலாம் என்று நினைத்தேன். எந்தக் கதவும் திறக்கவில்லை. கடைசியில் டிராக்டர் விற்கும் ஷோரூம் ஒன்றில் சேர்ந்தேன். ஊர் ஊராகப் போய் டிராக்டரை ஓட்டிக் காட்டுவது வேலை. தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மூன்று பாஷையும் கலந்து பேசும் ஊர்கள். எல்லா பாஷையிலும் எனக்கு ஒரே பெயர்தான்... டெமோ சார்!

அந்தப் பெயர் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது தெரியுமா? சட்டைப் பையில் இரண்டு பேனா, காலில் பூட்ஸ். டிராக்டர் ஊருக்குள் நுழைந்தால் கல்யாண ஊர்வலம் மாதிரிக் கூட்டம் பின்னால் வரும். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்வேன். பதில் தெரியாதபோது குரலை உயர்த்திச் சொல்வேன்.

அன்றைக்கு ஓசூருக்குக் கிழக்கே ஒரு கிராமம். அங்கே ஊரின் பெரிய விவசாயியான கவுடருக்கு ஏரிக்குப் பின்னால் மேட்டு நிலம். மண் செம்மண்தான், ஆனால் மழையில்லாமல் இறுகிக் கிடந்தது. வண்டியின் பின்னால் கொத்துக் கலப்பையை மாட்டி இறக்கினேன். கலப்பை கொஞ்ச தூரம் போனது. பிறகு தானாகவே மேலே எழும்பியது. மறுபடி இறங்கியது. மறுபடி எழும்பியது... நிலத்தில் பூனை பிறாண்டிய மாதிரி கோடுகள்.

கவுடர் வரப்பில் நின்று சிரித்தார். "ஏனு சாமி இது? கலப்பை தானா எந்திரிச்சி நிக்குது! இதுக்கு எங்க எருதே தேவலாமே?"

கூட்டம் முழுதும் சிரித்தது. நான் இறங்கி, ஏதோ தெரிந்தவனைப் போல வண்டியின் பின்பக்கத்தை உற்றுப் பார்த்தேன். காது இரண்டும் கொதித்தன. ஏன் எழும்புகிறது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. 'தெரியவில்லை, ஷோரூமில் கேட்டுவிட்டு வந்து சொல்கிறேன்' என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வாக்கியம் என் வாயிலிருந்து வரவில்லை. வீறாப்பு!

கூட்டத்தின் முன்வரிசையில் முனியப்பா நின்றிருந்தார். கவுடரிடம் வேலை செய்பவர். என்னைவிட மூத்தவர். நல்ல கனத்த தேகம். நான் அவர் தோளைப் பிடித்து இழுத்தேன். "ஏய், இதும் மேல ஏறி நில்லு" என்றேன். ஆமாம், 'ஏய்' என்றுதான் சொன்னேன்.

அவர் கலப்பையின் சட்டத்தில் ஏறி நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டார். வண்டியை எடுத்தேன். கலப்பையின் கொழுமுனைகள் மண்ணில் புதைந்தன. செம்மண் புரண்டு புரண்டு விழுந்தது. இருந்தும் இடையிடையே கலப்பை ஒரு குதி குதித்தது. ஓட்டிக்கொண்டே பின்னால் திரும்பிக் கவனித்தேன். கலப்பையை வண்டியோடு மேலே இணைக்கும் தண்டு, டாப் லிங்க் என்பார்கள். அது வண்டிக்குள் நுழையும் இடத்தில் ஒரு ஸ்பிரிங். கலப்பை எழும்பும்போதெல்லாம் அந்த ஸ்பிரிங் உள்ளே போவதைக் கண்டேன். அப்படியானால் இதுதான் வில்லன் என்று முடிவு செய்தேன். இறங்கி, அங்கே கிடந்த கருவேலங்குச்சி ஒன்றைச் சீவி, ஸ்பிரிங் நகர முடியாதபடி இடுக்கில் அடித்துச் செருகினேன். அப்புறம் கலப்பை எழும்பவே இல்லை!

"இந்த மண்ணுக்கு இதுதாங்க முறை. கலப்பை மேல ஒரு ஆளு நிக்கணும். வெயிட்டுக்கு" என்று கூட்டத்துக்கு அறிவித்தேன். அங்கேயே, அந்த நிமிடத்திலேயே ஒரு முறையை உண்டாக்கினேன்... கை தட்டினார்கள். கவுடர் வண்டி வாங்கினார். முனியப்பாவுக்கு அன்றுமுதல் புது வேலை. வெயிட்டு ஆள்!

மனிதனை எடைக்கல்லாக்கியவன் நான்.

சரி... உண்மையில் அங்கே என்ன நடந்தது என்று இப்போது உங்களுக்குச் சொல்கிறேன். கேளுங்கள். இப்போது நான் நன்றாகவே விளக்குவேன், அதுதான் கொடுமை.

அந்தக் காலத்து டிராக்டரில் ஹைட்ராலிக் பம்ப் கியர்பாக்ஸுக்குள்ளேயே, அதே எண்ணெயில் மூழ்கிக் கிடக்கும். என்ஜின் ஓடினால் பம்ப் ஓடும். எண்ணெயை அழுத்தி ஒரு உருளைக்குள் தள்ளும். எண்ணெய் சுருங்காது. எனவே உருளைக்குள் இருக்கும் பிஸ்டன் நகர்ந்தே ஆக வேண்டும். அது பின்னால் இருக்கும் இரண்டு இரும்புக் கைகளைத் தூக்கும், கைகள் கலப்பையைத் தூக்கும். எண்ணெயை உள்ளே விட்டால் கலப்பை மேலே, வெளியே விட்டால் கீழே, அடைத்து வைத்தால் நின்ற இடத்திலேயே. கிளட்சை முழுதாக மிதித்தால் பம்ப் நின்றுவிடும், பிறகு தூக்காது. இவ்வளவுதான் ஹைட்ராலிக். இதில் மந்திரம் ஒன்றுமில்லை.

எண்ணெயை எப்போது விடுவது, எப்போது அடைப்பது? சீட்டுக்குப் பக்கத்தில் லீவர் இருக்கிறது, ஓட்டுகிறவன் சொல்வான். அது ஒரு வழி. இன்னொரு வழி அந்த ஸ்பிரிங்! மண் இறுகினால் கலப்பைக்கு இழுவை கூடும். இழுவை கூடினால் டாப் லிங்க் ஸ்பிரிங்கை உள்ளே அழுத்தும். ஸ்பிரிங் வால்வைத் திறக்கும். எண்ணெய் உள்ளே போய்க் கலப்பை சற்றே எழும்பும். இழுவை குறைந்ததும் தானாக இறங்கும். நிலத்தின் சுமையை வண்டி தானே உணர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. நிலத்துக்குள் பாறை இருந்து கலப்பை ஒரேயடியாக மாட்டிக்கொண்டால், ஸ்பிரிங் கடைசிவரை அழுந்தி எண்ணெயை மொத்தமாக வெளியே விட்டுவிடும். பின்சக்கரங்களின்மேல் இருக்கும் சுமை குறையும். சக்கரம் நின்ற இடத்தில் சுற்றும். வண்டி முன்பக்கம் தூக்கிக்கொள்ளாது. மனிதன் பிழைப்பான்.

நான் கட்டை செருகி அடைத்தது அதைத்தான்.

கவுடரின் நிலத்தில் செய்ய வேண்டியது என்ன? டாப் லிங்கை இரண்டு சுற்றுச் சுற்றிக் குட்டையாக்கினால் கொழுவின் மூக்கு கீழே குத்தும். லீவரைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். மொட்டைக் கொழுவைத் தீட்ட வேண்டும். அவ்வளவே! டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. அதற்கு ஒரு மனிதனை ஏற்றினேன்...

இதெல்லாம் எனக்கு எப்போது தெரிந்தது? விபத்துக்குப் பிறகு என்று நினைக்கிறீர்களா? அப்படி இருந்தால் எனக்கு இரவில் தூக்கமாவது வந்திருக்கும். டெமோ முடிந்து சில மாதங்களிலேயே கம்பெனி எங்களைப் பயிற்சிக்கு அழைத்தது. டிராக்டரைக் குறுக்கே வெட்டி, உள்ளே எல்லாம் தெரிகிற மாதிரி வைத்திருந்தார்கள். வகுப்பெடுத்தவர் அந்த ஸ்பிரிங்கைக் கையால் அழுத்திக் காட்டி, "இதை ஒருபோதும் அடைக்காதீர்கள்" என்றார். ஓடிப்போய் அந்தக் கட்டையைப் பிடுங்கினேனா? இல்லை!

சில வாரங்கள் கழித்து சர்வீசுக்காக அதே கவுடரின் வீட்டுக்கு என்னைத்தான் அனுப்பினார்கள். வண்டியின் பின்னால் குனிந்தேன். கட்டை அங்கேயே இருந்தது. கிரீசும் புழுதியும் ஏறி இரும்போடு இரும்பாக ஒட்டிப் போயிருந்தது. என் விரலால் தொட்டேன். இழுத்தால் வந்துவிடும். வந்தால் கலப்பை மறுபடி எழும்பும். கவுடர் கேட்பார். 'அன்றைக்கு நான் சொன்னது தப்புங்க' என்று அதே ஊரில், அதே ஆட்கள் முன்னால் நான் சொல்ல வேண்டும்.

விரலை எடுத்துக்கொண்டேன்.

முனியப்பா பக்கத்தில் நின்றிருந்தார். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "சார், நம்மளப் பாத்துட்டு சுத்துப்பட்டு ஊர்ல எல்லாம் ஆளு ஏத்தறாங்க சார்! போச்சம்பள்ளிப் பக்கம் கூட வந்துடுச்சாம்" என்றார். பெருமை! என்னால் வந்த பெருமை! நான் அவர் முதுகில் தட்டிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

அடுத்த உழவில் அது நடந்தது.

அந்தப் பக்கத்து நிலங்கள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மேலே முழம் மண், கீழே எங்கே பாறை என்று யாருக்கும் தெரியாது. கலப்பை பாறையில் மாட்டியது. விட்டுக்கொடுக்க வேண்டிய ஸ்பிரிங் விட்டுக்கொடுக்கவில்லை. வண்டியின் முன்சக்கரங்கள் மேலே எழுந்தன. டிரைவர் பயந்து கிளட்சை மிதித்தான். முன்பக்கம் தொப்பென்று விழுந்தது. கலப்பை பாறையிலிருந்து விடுபட்டு ஒரு உதறு உதறியது. மேலே நின்றவர் கொழுக்களுக்கு நடுவே விழுந்தார். வண்டி கொஞ்ச தூரம் போய்த்தான் நின்றது... ஆஸ்பத்திரியில் கணுக்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் காலையில் வண்டியைப் பார்க்க என்னை அழைத்தார்கள். வயலில் கூட்டம். நான் எல்லாரையும் தள்ளி நிற்கச் சொன்னேன். எனக்குத்தான் அந்த அதிகாரம் இருந்ததே! பின்னால் குனிந்து, ஸ்பேனரால் கட்டையை நெம்பி எடுத்து, பேண்ட் பையில் போட்டுக்கொண்டேன். பிறகு வண்டியைக் கிளப்பிக் கலப்பையைத் தூக்கி இறக்கிக் காட்டினேன். லிப்ட் அழகாக வேலை செய்தது.

"மிஷின்ல கோளாறு இல்லன்னா, அவன் குடிச்சிட்டு ஏறியிருப்பான்" என்றார் கவுடர். கூட்டத்தில் சிலர் தலையாட்டினார்கள்.

அப்போது லட்சுமம்மா முன்னால் வந்தாள். முனியப்பாவின் மனைவி. புடவையில் அவருடைய ரத்தம் காய்ந்திருந்தது. அழவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

"சார், நீங்க சொல்லுங்க. மிஷினு கெட்டுப் போயிருந்துச்சா?"

"மிஷின் நல்லாத்தாம்மா இருக்கு" என்றேன்.

பொய்யா அது? சொல்லுங்கள்! கட்டையைப் பிடுங்கிய பிறகு மிஷின் நல்லாத்தானே இருந்தது? இந்த ஒரு வாதத்தை எத்தனை முறை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருப்பேன்... இதைவிடக் கேவலமான பொய் ஒன்றை நான் இதுவரை கேட்டதில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்விட்டாள். நான் கையை எண்ணெய்த் துணியில் துடைத்துக்கொண்டேன்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் என்ன இருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது. அது தெரிய வருவதற்குள் நான் டிராக்டரைத் தலைமுழுகிவிட்டு, கம்பெனி ஒன்றில் சேர்ந்து, சூப்பர்வைசராகி, ஸ்கூட்டர் வாங்கி, தொப்பையும் வளர்த்திருந்தேன்.

ஒருநாள் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சைக்கிள் ஸ்டாண்டில் ஸ்கூட்டரை விடப் போனேன். டோக்கன் கிழித்துக் கொடுத்த கை சட்டென்று நின்றது.

"டெமோ சாரா!"

முனியப்பா. கட்டைக்கால். கக்கத்தில் ஊன்றுகோல். அவர் முகத்தில் என்ன இருந்தது தெரியுமா? மகிழ்ச்சி! பக்கத்துக் கடையிலிருந்து எனக்கு டீ வரவழைத்தார். அவர் மகிழ்ச்சியைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று கேட்காதீர்கள்.

"எனக்கே சந்தேகமாத்தான் இருக்குது சார்" என்றார் அவராகவே. "அன்னிக்கி நான் குடிக்கல. ஆனா வெயில்ல தலை கிறுகிறுன்னு வந்துச்சோ என்னமோ. மிஷினு தப்பு பண்ணாதில்ல? நீங்களே பாத்துட்டு சொன்னீங்களே."

பிறகு அந்தக் கதையைச் சொன்னார். லட்சுமம்மாவின் அப்பா குடித்துக் குடித்தே செத்தவர். கல்யாணப் பேச்சு வந்தபோது அவள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. மாரியம்மன் கோயிலில் உள்ளங்கையால் சூடத்தை அணைத்து, குடிக்க மாட்டேன் என்று முனியப்பா சத்தியம் செய்தார். அதைக் காப்பாற்றியும் வந்தார். என் ஒரு வார்த்தை எல்லாவற்றையும் முடித்துவிட்டது. சத்தியத்தை மீறியதற்காக மாரியம்மன்தான் காலை வாங்கிக்கொண்டாள் என்று அவள் நம்பிவிட்டாள்.

"சோறு போடுவா சார். ஆஸ்பத்திரிக்கும் தூக்கிக்கினு போனா. கம்பெனி கேன்டீன்ல பாத்திரம் கழுவிக் காப்பாத்தறா. ஒரு கொறையும் இல்ல. பேசமாட்டா... அன்னிலேர்ந்து ஒரு வார்த்தை என்கிட்ட பேசல."

என்னால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. உடைத்துவிட்டேன். ஸ்பிரிங், கட்டை, பயிற்சி வகுப்பு, சர்வீசுக்குப் போனபோது தொட்டும் எடுக்காமல் வந்தது, பேண்ட் பை... எல்லாவற்றையும் கொட்டினேன். மன்னிப்பு கேட்டேனா? கேட்டேன் என்றுதான் நினைக்கிறேன். சரியாக நினைவில்லை.

அவர் மெதுவாக எழுந்தார். டீ கிளாஸ் கவிழ்ந்தது.

"கட்டையா?" என்றார். "ஒரு கட்டையாய்யா?"

தெரு திரும்பிப் பார்த்தது. ஊன்றுகோலைத் தூக்கினார். அடிப்பார் என்று நினைத்தேன், அடிக்க வேண்டுமென்று ஆசைப்பட்டேன். அவர் அடிக்கவில்லை. கோலால் தரையைக் குத்தினார், மறுபடி மறுபடி குத்தினார்.

"கால் போனா போவுது, நாசமாப் போவட்டும்! அவ என் மூஞ்சியப் பாத்துப் பேசி எத்தினி வருசம் ஆச்சு தெரியுமாய்யா உனக்கு? நான் சொன்னா நம்பமாட்டா. குடிகாரன் ஒவ்வொருத்தனும் ஒரு கதை சொல்வான்னு அவளுக்குத் தெரியும். நீ வா. வந்து அவகிட்ட சொல்லு. ஊருக்குச் சொல்ல வேணாம், கவுடருக்குச் சொல்ல வேணாம். அவ ஒருத்திக்குச் சொல்லு, போதும்."

'சார்' போய்விட்டிருந்தது. 'நீ' ஆகியிருந்தேன். அதுதான் எனக்குரிய மரியாதை. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன்.

போனேன். போகவில்லை என்று நினைத்துவிடாதீர்கள், போனேன்! ஷீட் போட்ட ஒற்றை அறை வீடு. காலை வெயில். முனியப்பா சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். எனக்காக இல்லை, அவளுக்காக... அவள் பேசப் போகும் நாளுக்காக.

சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தேன். 'அம்மா, அவர் குடிக்கவில்லை. தப்பு என்னுடையது.' நாலைந்து சொற்கள்தான்.

லட்சுமம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டாள். முந்தானையால் ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினாள்.

"வாங்க சார். உங்கள மறக்கவே மாட்டேன். அன்னிக்கி அத்தினி கூட்டத்துல நீங்க ஒருத்தரு தான் உண்மையச் சொன்னீங்க. இல்லாங்காட்டி இந்த ஆளு சொல்றத நம்பிக்கினு இருந்திருப்பேன். மாரியம்மன் உங்களையும் உங்க புள்ளைங்களையும் நல்லா வெக்கணும்."

சொம்பை வாங்கிக்கொண்டேன்.

உண்மையைச் சொன்னவன்! உலகத்தில் ஒரே ஒருத்தி என்னை அப்படிச் சொல்கிறாள். அந்தப் பெயரை, என் வாயாலேயே, அவள் முகத்துக்கு நேரே... முடியவில்லை. ஊர் சிரிக்கும் என்று அன்றைக்குப் பயந்தவன், இன்றைக்கு ஒரு பெண்ணின் மரியாதை போய்விடுமே என்று பயந்தேன். அதே வியாதி! வருடங்கள் எதையும் எனக்குக் கற்றுக் கொடுக்கவில்லை.

தண்ணீரைக் குடித்தேன். "இந்தப் பக்கம் மழை எப்படிம்மா?" என்று கேட்டேன்.

"எங்க சார் பெய்யுது" என்றாள் அவள்.

முனியப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கத்துவார், எல்லாவற்றையும் போட்டு உடைப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

"சாருக்கு இன்னும் கொஞ்சம் தண்ணி குடு லட்சுமி."

அவள் அவரைப் பார்க்கவில்லை, பதிலும் சொல்லவில்லை. சொம்பை என் கையிலிருந்து வாங்கிப் போய் நிரப்பிக்கொண்டு வந்தாள். அதையும் குடித்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த வீடு இப்போதும் இருக்கிறது. லட்சுமம்மா இருக்கிறாள். முனியப்பாவும் சுவரோரம் உட்கார்ந்திருப்பார். என் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் போனால் அரை மணி நேரம்கூட ஆகாது. இன்றைக்கு எனக்கு விடுமுறை. வண்டி வாசலில்தான் நிற்கிறது... நான் இங்கே உட்கார்ந்து, முன்பின் தெரியாத உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.